இன்னோவேஷன் இன்னோவேஷன்னு சொல்றாங்களே, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் நெசமா எது வேலை செஞ்சிருக்கு?

காவேரிப்பட்டணம்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிறேன். அடுத்த மாசம் டிபார்ட்மென்ட் செமினார், எனக்கு விழுந்த தலைப்பு "உலகளாவிய நீடித்த வளர்ச்சியில் புத்தாக்கத்தின் பங்கு". தலைப்ப படிக்கிறப்பவே கொட்டாவி வருது. நெட்ல தேடுனா எங்க போனாலும் ஒரே கதை தான், 2015ல ஐநால 193 நாடு கூடி 17 இலக்கு போட்டாங்க, அதுக்குள்ள 169 குட்டி இலக்கு, எல்லாத்தையும் 2030க்குள்ள முடிக்கணும், ஒம்பதாவது இலக்குல தான் தொழில், கட்டமைப்பு, புத்தாக்கம் எல்லாம் வருதுன்னு ஆரம்பிச்சு அப்புறம் ஏஐ, ட்ரோன், பிளாக்செயின்னு வரிசையா அடுக்கி விட்டுடுவாங்க.

எனக்கு உறுத்துறது என்னன்னா, 2024ல ஐநாவே போட்ட ரிப்போர்ட்ல அந்த இலக்குகள்ல வெறும் 17 சதவீதம் தான் சரியான பாதைல போகுதுன்னு சொல்லிருக்காங்க. இவ்ளோ கண்டுபிடிப்பு வந்தும் ஏன் இப்படி? எங்க மேம் வேற "நெட்ல இருந்து எடுத்தத பேசாத, உங்க மாவட்டத்துல நடந்தத சொல்லு" ன்னுட்டாங்க.

வீட்ல அப்பா மாங்கா கொஞ்சம், தக்காளி கொஞ்சம் வச்சிருக்கார், போர் தண்ணி தான். இப்ப சொட்டுநீர் போட்டு மோட்டாருக்கு சோலார் வச்சுடலாம்னு யோசிக்கிறார். இதையே எடுத்துக்காட்டா சொல்லிடலாமா, இல்ல இதவிட நல்லதா வேற ஏதாச்சும் நம்ம பக்கம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

பாலக்கோடு_விவசாயி

தம்பி நீ வெளிய எங்கயும் தேட வேண்டாம், நம்ம ரெண்டு மாவட்டத்துல தான் 2004-05ல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் துல்லிய பண்ணையம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்ச புதுசு அது, மொத்தம் 400 ஹெக்டேர், மூணு வருஷம். மத்த மாவட்டத்துக்கெல்லாம் அப்புறம் தான் போச்சு. இப்ப நீ எந்த காட்டுக்குள்ள போனாலும் கருப்பு டியூப் கெடக்குதே, அதோட ஆரம்பம் இங்க தான்.

எல்லாரும் துல்லிய பண்ணையம்னா சொட்டுநீர்னு மட்டும் நெனச்சுக்கறாங்க, அது தப்பு. மொதல்ல உளிக்கலப்பை போட்டு ஓட்டுனாங்க, ஏன்னா டிராக்டர் ஏறி ஏறி அடி மண்ணு கெட்டியாகி வேர் கீழ எறங்காம கெடந்துச்சு. அப்புறம் நாத்து. முன்ன எல்லாம் மேட்டுப்பாத்தில வெதைய தூவி புடுங்கி நடுவோம், அதுல பாதி செத்துப்போகும், இவங்க வந்து குழித்தட்டுல கோகோபித் (தேங்கா நார் தூள்) போட்டு நிழல்வலைக்குள்ள வளத்து குடுத்தாங்க, ஒரு கன்னு கூட வீணாகல. இன்னைக்கு நம்ம பக்கம் ரோட்டோரம் நர்சரி நர்சரியா இருக்கே, ஒரு ரூபாக்கு தக்காளி நாத்து மொளகா நாத்துன்னு, அத யாரும் பெருசா கண்டுபிடிப்புன்னு சொல்றதில்ல, ஆனா என்ன கேட்டா சொட்டுநீர விட அது தான் பெருசு, ஏன்னா அத வாங்க மானியம் வேணாம் ஆபீசர் கையெழுத்து வேணாம், வண்டிய நிறுத்தி ட்ரேய தூக்கிட்டு வந்துடலாம். அப்புறம் தண்ணிலயே கரையுற உரத்த டியூப் வழியா வேருக்கு விடுறது, அது இன்னொன்னு.

இதுக்கெல்லாம் மேல, விவசாயிங்கள குழுவா சேத்து சங்கமா பதிவு பண்ண வச்சாங்க. வெளைஞ்சத தரம் பிரிச்சு மொத்தமா ஏத்தி அனுப்புறது, மார்க்கெட்டுக்கு நேரா போய் வியாபாரிகிட்ட பேசுறது, உரம் மருந்து மொத்தமா வாங்குறது. சங்கம் நல்லா நடந்த ஊர்ல இன்னைக்கும் விவசாயி நிக்கிறான், சங்கம் படுத்துட்ட ஊர்ல டியூப் மட்டும் நிக்குது. ராயக்கோட்டை மார்க்கெட்ட கேட்டா தெரியும், 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபாய தாண்டிச்சு, இன்னொரு சீசன்ல பறிக்கிற கூலிக்கு கூட வராம ரோட்ல கொட்டுறான், ரெண்டு சீசன்லயும் அதே டியூப் அதே நாத்து தான். வெளச்சல் ஏறுனா மட்டும் போதாதுன்னு இத விட எப்படி சொல்றது.

உங்கப்பா கிட்ட சொல்லு, சிறு குறு விவசாயின்னா சொட்டுநீருக்கு அரசு 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75. சின்ன விவசாயி சான்றிதழ் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கிக்கணும். ஆனா போட்டுட்டா முடிஞ்சுடுச்சுன்னு நெனைக்க வேணாம், நம்ம தண்ணி உப்பு, ஃபில்டர கழுவாம விட்டா அடுத்த பட்டத்துக்குள்ள பாதி டிரிப்பர் (தண்ணி சொட்டுற வாய்) அடைச்சிக்கும், ஆசிட் விட்டு கழுவணும், அத எப்படி விடணும்னு தெரிஞ்சவங்கள கேட்டு தான் விடணும். அணில் கடிக்கும், எலி கடிக்கும், பன்னி வந்தா டியூப இழுத்து போட்டு மிதிச்சுட்டு போகும். சும்மா வந்த பொருள்னா யாரும் ரிப்பேர் பண்ண மாட்டேங்குறான், அதையும் உன் செமினார்ல சேத்துக்கோ.

---

மொரப்பூர்_ஸ்டேஷன்

பிளாக்செயின் வச்சு தக்காளி விக்கலாம்னு ஒருத்தர் எங்க காலேஜ்லயும் வந்து பேசினார் ப்ரோ, பேசி முடிச்சுட்டு வெளிய வந்து தக்காளி கிலோ எவ்ளோன்னு என்கிட்ட கேட்டார் 😂

---

பாறையும்_தண்ணியும்

ஜியாலஜி படிச்சவன், வேலையும் நிலத்தடி நீர் சம்பந்தமா தான். பாலக்கோடு அண்ணன் சொன்னதுல பெரும்பாலும் ஒத்துக்கறேன், ஆனா சொட்டுநீர "தண்ணிய மிச்சம் பண்ணுது" ன்னு கண்ண மூடிட்டு ஸ்லைடுல போடாத தம்பி, யாராச்சும் விஷயம் தெரிஞ்ச ஆள் முன்னாடி உக்காந்திருந்தா மாட்டிப்ப.

நம்ம மாவட்டம் ரெண்டுமே கடினப்பாறை. மேல கொஞ்சம் சிதைஞ்ச பாறை, அதுக்கு கீழ வெடிப்பு, அந்த வெடிப்புல எவ்ளோ தண்ணி நிக்குமோ அவ்ளோ தான் சொத்து. தஞ்சாவூர் மாதிரி அடிமணல்ல தேங்கி கெடக்காது. இப்ப ஒரு விவசாயி வாய்க்கால் பாசனத்துல ஒரு ஏக்கர் பாய்ச்சிட்டு இருந்தார்னு வையி, சொட்டுநீர் போட்டதும் அதே தண்ணில ரெண்டு ஏக்கர் பாயும். அவர் என்ன செய்வார், பம்ப கம்மியா ஓட்டுவாரா இல்ல ரெண்டாவது ஏக்கரையும் நடுவாரா? நடுவார், நடத்தான் செய்வார், அதுல அவர குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா முன்னாடி வாய்க்கால்ல பாய்ஞ்சப்ப கொஞ்சம் தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி திரும்பவும் கெணத்துக்கு வந்துட்டு இருந்துச்சு, இப்ப அதுவும் கெடையாது, மொத்தமும் செடி குடிச்சு ஆவியா போயிடுது. அப்ப அந்த காட்டு அளவுல பாத்தா மிச்சம், ஊரு அளவுல பாத்தா நீர்மட்டம் எறங்குது.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. 1865லயே ஜெவன்ஸ்னு ஒரு இங்கிலாந்து பொருளாதார நிபுணர் நிலக்கரிய வச்சு இதையே சொன்னார், நீராவி எஞ்சின் கம்மி கரில ஓட ஆரம்பிச்சதும் கரி செலவு கொறையல, எல்லாரும் எஞ்சின் வாங்க ஆரம்பிச்சு செலவு ஏறிடுச்சுன்னு.

அடுத்தது சோலார் பம்பு. இங்க 1990லருந்து விவசாயத்துக்கு கரண்ட் இலவசம். அதனால தண்ணி எடுக்க காசு செலவுங்கறதே கெடையாது, இருந்த ஒரே கட்டுப்பாடு என்னன்னா மோட்டார் ஓட்ட த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வரும்னு காத்து கெடக்கறது. சோலார் வச்சா அந்த கட்டுப்பாடும் போச்சு, வெயில் இருக்கற வரைக்கும் ஓடும். விவசாயிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பாம்பு பூச்சிக்கு நடுவுல மோட்டார் போட போற கொடுமை இல்ல, அது பெரிய நிம்மதி, நான் மறுக்கல. ஆனா போரு சீக்கிரம் வத்தும்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. குஜராத்ல கேடா மாவட்டத்துல துண்டின்னு ஒரு ஊரு, 2016ல அங்க விவசாயிங்க சோலார் பம்பு வச்சவங்க சேந்து ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க, பாசனத்துக்கு வேண்டியது போக மீதி கரண்ட கிரிட்டுக்கு, அதாவது பொது மின்சார லைனுக்கு வித்து காசு வாங்குனாங்க. இப்ப யோசி, அந்த விவசாயிக்கு வீணா தண்ணி எறைச்சா அவன் கைகாசு போகுது. அதே பேனல், அதே மோட்டார், ஒரு மீட்டரும் ஒரு ஒப்பந்தமும் தான் கூட சேந்திருக்கு. 2019ல வந்த மத்திய அரசோட சோலார் பம்பு திட்டமான குசும்லயும் கிரிட்டோட இணைக்கற ஒரு பிரிவு இருக்கு. உன் தலைப்புல புத்தாக்கம்னு போட்டிருக்கறது மெஷின மட்டும் இல்ல, அந்த மீட்டரு ஒப்பந்தம் மாதிரி ஏற்பாடும் தான். மெக்கானிக்கல் பசங்களுக்கு இத சொன்னா கோவம் வரும், பரவால்ல சொல்லு.

---

பாலக்கோடு_விவசாயி

சார் நீங்க சொல்றது கணக்குக்கு சரி. ஆனா ஒரு சின்ன விவசாயி ரெண்டாவது ஏக்கர நடறத நீர்மட்டம் எறங்குற குத்தமா பேசுறப்ப ஒரு பக்கமா இருக்கு. எங்க ஊர சுத்தி லாரி லாரியா தண்ணி எடுத்து வித்துட்டு இருக்கறவன், ஆயிரம் அடி தாண்டி போடுறவன், அவனுக்கெல்லாம் யாரு மீட்டர் வைக்கிறது? விவசாயி சொட்டுநீர் போடலன்னா மட்டும் அந்த தண்ணி பூமிக்குள்ள பத்திரமா இருந்துடுமா என்ன. பக்கத்து காட்டுக்காரன் போரு இன்னும் நூறு அடி கீழ போட்டு இழுத்துக்குவான். மொதல்ல ஊருக்கே சேத்து ஒரு கட்டுப்பாடு வரட்டும், அப்புறம் விவசாயிக்கு மட்டும் பாடம் எடுக்கலாம்.

துண்டி விஷயம் நல்லா இருக்கு, எனக்கு புதுசு. யூனிட்டுக்கு நல்ல வெல குடுத்தா நானே மோட்டார நிறுத்திட்டு கரண்ட விப்பேன், தக்காளிய விட அது மேல்.

---

பாறையும்_தண்ணியும்

அதத்தானே நானும் சொல்றேன் அண்ணா, தனி ஆள் மேல போடுற பொறுப்பு இல்ல இது. லாரி தண்ணி பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு.

---

சிஸ்டர்_பென்னாகரம்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸா இருக்கேன் தம்பி. எல்லாரும் வெவசாயத்தையே பேசறீங்க, தர்மபுரின்னா ஞாபகம் வர வேண்டியது பல்லு. எங்க பக்கம் நாப்பது அம்பது வயசுக்காரங்க சிரிக்கறப்ப பாரு, பல்லு காவி காவியா கறை. பாக்கு போட்டதில்ல அது, தண்ணில ஃப்ளோரைடு. பாறைலருந்து கரைஞ்சு வர்றது, போரு ஆழமா போகப் போக கூடுற எடம் நெறைய. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்க கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கொழந்தைக்கு பல்லு உருவாகுற வயசுல அந்த தண்ணிய குடிச்சா கறை வாழ்நாள் முழுக்க போகாது. ரொம்ப வருஷம் குடிச்சவங்களுக்கு எலும்புல ஏறி முதுகு வளைக்க முடியாது கழுத்து திருப்ப முடியாது, கால் வளைஞ்சு போறதும் உண்டு. பொண்ணு பாக்க வந்தவங்க பல்ல பாத்துட்டு எந்திரிச்சு போன வீடு எல்லாம் இருக்கு.

இதுக்கு கண்டுபிடிப்பு இல்லாம இல்ல, நெறையவே இருந்துச்சு. நல்கொண்டா முறைன்னு ஒண்ணு, தெலங்கானால இருக்கற அந்த மாவட்டத்து பேர்லயே நாக்பூர் நீரி நிறுவனம் கண்டுபிடிச்சது, படிகாரமும் சுண்ணாம்பும் அளவா போட்டு கலக்கி தெளிய விட்டா ஃப்ளோரைடு அடில வண்டலா தங்கிடும். செலவு ரொம்ப கம்மி. ஆனா தெனமும் அளந்து போடணும், வண்டல எங்கயாச்சும் கொட்டணும், கூலி வேலைக்கு விடியக்காலைல கெளம்புற பொம்பளைக்கு இதுக்கு எங்க நேரம்? இன்னொன்னு ஆக்டிவேட்டட் அலுமினா, அதுக்குள்ள தண்ணி போனா ஃப்ளோரைட புடிச்சுக்கும், ஆனா கொஞ்ச நாள்ல நெறஞ்சுடும், காரமும் ஆசிடும் விட்டு திரும்ப சரி பண்ணணும், அத யாரு ஊர்ல பண்றது. ஃபில்டர் வச்சு ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துட்டு போன எடத்துல எல்லாம் இப்ப ஓணான் குடியிருக்கு.

கடைசில பெரிய அளவுல மாத்துனது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் தான். காவிரிலருந்து 1.4 டிஎம்சி எடுத்து ரெண்டு மாவட்டத்துக்கும் குழாய்ல குடுக்கறது. 2008ல அடிக்கல், நடுவுல கர்நாடகாகாரங்க போராட்டம் எல்லாம் நடந்துச்சு ஞாபகம் இருக்கும், 2013 மே மாசம் தொறந்தாங்க. ஆயிரத்து தொள்ளாயிரம் கோடிக்கு மேல, ஜப்பான் நாட்டு ஜைகா நிறுவனத்தோட கடன். திட்டத்து பேருலயே ஃப்ளோரோசிஸ் (இந்த பல்லு, எலும்பு நோய் தான்) பாதிப்பு தணிப்புன்னு இருக்கு. அதுல புது மெஷின் என்ன இருக்கு சொல்லு? பம்பு, குழாய், தொட்டி. எல்லாமே பழைய பொருள். ஆனா வீட்டுக்காரம்மா தெனமும் எதையும் அளக்க வேண்டாம், அதான் வேலை செஞ்சுது. இன்னும் முழுசா தீரல, ஒகேனக்கல் தண்ணி ஒரு நாள் வரலன்னா திரும்ப போர் தண்ணிய தான் புடிக்கறாங்க, சமையலுக்கு அதே, கொழந்தைக்கும் அதே. கொதிக்க வச்சா போயிடும்னு நம்பிட்டு இருக்கறவங்க இன்னும் நெறைய பேர், கொதிச்சா தண்ணி சுண்டி ஃப்ளோரைடு இன்னும் கூடத்தான் செய்யும், இத மட்டும் உன் செமினார்ல சத்தமா சொல்லிடு.

உலக அளவுல உதாரணம் வேணும்னா என் ஓட்டு ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு. 1971 வங்கதேச போரப்ப எல்லைல போன்காவ் அகதி முகாம்ல காலரா, நரம்புல ஏத்த சலைன் தீந்து போச்சு. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு கலந்து பாத்திரத்துல கரைச்சு நோயாளியோட வந்த சொந்தக்காரங்க கிட்டயே குடுத்து ஊட்ட சொன்னார். நூத்துக்கு முப்பது பேர் செத்துட்டு இருந்தது நாலு பேருக்கும் கீழ எறங்கிடுச்சு. சர்க்கரையும் உப்பும் சேந்து போனா தான் குடல் தண்ணிய உறிஞ்சும்ங்கறது லேப்ல அதுக்கு முன்னாடியே தெரிஞ்சது தான். படிக்காத ஒரு அம்மாவால இத செய்ய முடியும்னு அந்த மனுஷன் நம்புனாரு பாரு, அது தான் அதுல புதுசு. அவர் 2022ல தவறிட்டார், அடுத்த வருஷம் தான் பத்ம விபூஷண் குடுத்தாங்க, உயிரோட இருந்தப்ப குடுத்திருக்கலாம். எங்க சென்டர்ல வயித்துப்போக்கோட வர்ற கொழந்தைக்கு இன்னைக்கும் அதே பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் தான்.

---

ஓசூர்_ஷிப்ட்_பி

போச்சம்பள்ளி ஓசூர் பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாம் செய்றாங்களே, அத யாருமே சொல்லலயே. நான் அந்த லைன்ல தான் வேல பாக்கறேன், கம்பெனி பேர் வேண்டாம். ஊத்தங்கரை, அரூர்ல இருந்தெல்லாம் பொண்ணுங்க பஸ்ல வந்து போறாங்க, ஐடிஐ டிப்ளமோ படிச்ச பொண்ணுக்கு திருப்பூர் போகாம வீட்லருந்தே போயிட்டு வர்ற மாதிரி வேல, எங்க பக்கத்துக்கு அது பெரிய மாத்தம். புகை கம்மி, சத்தம் கம்மி, பெட்ரோல் செலவு மிச்சம்.

ஆனா பசுமை பசுமைன்னு மட்டும் பேசாத. நம்ம நாட்டு கரண்ட்ல பாதிக்கு மேல இன்னும் நிலக்கரில தான் வருது. பேட்டரில கோபால்ட் இருந்தா அது பெரும்பாலும் காங்கோ சுரங்கத்துலருந்து வந்தது, அங்க சின்ன பசங்க வேல செய்றது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். கோபால்ட் இல்லாத எல்எஃப்பி பேட்டரிக்கு நெறைய பேர் மாறிட்டு இருக்காங்க, அது நல்ல மாத்தம். பழைய பேட்டரிய திரும்ப வாங்கி மறுசுழற்சி பண்றது தயாரிக்கறவன் பொறுப்புன்னு 2022ல மத்திய அரசு விதி போட்டிருக்கு. நம்ம ஊர் பழைய இரும்பு கடைல லித்தியம் பேட்டரிய சுத்தியால ஒடைச்சிட்டு இருக்கறத நான் பாத்தேன், அந்த அண்ணனுக்கு தீ புடிக்கும்னு கூட தெரியல.

---

சாமைக்காரி

நான் பென்னாகரம் தாண்டி மல அடிவாரம். மகளிர் குழுல சேந்து சிறுதானியம் செய்றோம். பெரிய படிப்பெல்லாம் இல்ல, எம்பொண்ணு தான் டைப் பண்ணி குடுக்குது.

ராகிய அப்படியே அரைச்சு களி கிண்டிடலாம், ஆனா சாமை தினை வரகு எல்லாம் உமி நீக்கணும். உரல்ல போட்டு குத்தணும், பொடைக்கணும், திரும்ப குத்தணும், கை காச்சு போயிடும். எங்க மாமியா காலத்துல அத குத்தறதுக்கே பாதி நாள் போகும். ஊர் ஊரா நெல்லு மிஷின் வந்துச்சு, ரேஷன் அரிசி வந்துச்சு, சாமைக்கு மட்டும் மிஷின் வரல. நெல்லு மிஷின்ல சாமைய போட்டா நொய்யா போயிடும், இல்ல உமியோட அப்படியே வரும். எல்லாரும் "பழைய சாப்பாட்ட மறந்துட்டாங்க, நாகரிகம் வந்துடுச்சு" ன்னு பேசறாங்க, நாங்க மறக்கலைங்க, குத்த முடியல அவ்ளோ தான். நாக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப சின்ன அளவுல உமி நீக்கற மிஷின் வந்திருக்கு, எங்க குழுக்கு ஒண்ணு இருக்கு. கல்லு பொறுக்கறதுக்கு ஒண்ணு, உமி நீக்க ஒண்ணு. அத வச்ச பொறவு எங்க ஊர்ல சாமை போடறத நிறுத்தினவங்க சில பேர் திரும்ப போட்டாங்க. பையூர்ல இருக்கற ஆராய்ச்சி நிலையத்துல நல்ல வெதையும் கெடைக்குது. ஆனா மிஷின் பெல்ட் அறுந்தா தர்மபுரி போகணும், அங்கயும் இல்லன்னா சேலம், அது வர வரைக்கும் திரும்ப உரல் தான். ஒரு தடவ மோட்டார் எரிஞ்சு ஒரு சீசனே போச்சு.

ராகிக்கு நல்ல மாத்தம் வந்தது மிஷினால இல்ல. 2023ல தர்மபுரி, நீலகிரி ரெண்டு மாவட்டத்துல ரேஷன் கடைல ரெண்டு கிலோ அரிசிக்கு பதிலா ரெண்டு கிலோ ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு ராகிய நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி விவசாயிங்க கிட்டயே கொள்முதல் நெலையம் வச்சு வாங்குனாங்க, அந்த வருஷம் குவிண்டால் 3,578 ரூபா. வியாபாரி வந்து சொல்றது தான் வெலன்னு இருந்த எடத்துல சர்க்கார் வெலன்னு ஒண்ணு இருந்தா அவனும் கொஞ்சம் ஏத்தி கேக்கறான். மழை கம்மியானாலும் ராகி சாமை தாங்கும், போரு தண்ணி வேணாம், மேல தண்ணி பத்தி சண்ட போட்டுக்கிட்ட ரெண்டு பேருக்கும் சொல்றேன் 😊

---

பாறையும்_தண்ணியும்

அக்கா ஒரே போடா போட்டீங்க. மானாவாரி பயிருக்கு வெல கெடைச்சா நிலத்தடி நீர பத்தி நான் பேசுற பேச்சுல பாதி தேவையே இல்ல. சாமை குத்தற மிஷினும் கொள்முதல் நெலையமும் நீர் சேமிப்பு திட்டம்னு எந்த லிஸ்ட்லயும் வராது, ஆனா அது தான் நெசமான நீர் சேமிப்பு.

---

மொரப்பூர்_ஸ்டேஷன்

அக்கா சாமை அரிசி கிலோ எவ்ளோ? எங்கம்மா கேக்க சொன்னாங்க, சீரியஸா தான் கேக்கறேன்

---

காவேரிப்பட்டணம்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. நான் இப்ப இப்படி போகலாம்னு இருக்கேன், சிஸ்டர் சொன்ன ஃப்ளோரைடு விஷயத்த மெயினா வச்சு, நல்கொண்டா முறை ஏன் வீட்ல நிக்கல, குழாய் ஏன் நின்னுச்சுன்னு பேசிட்டு, அப்புறம் சாமை மிஷின், அப்புறம் துண்டி ஊர். ட்ரோன் ஏஐ எல்லாத்தையும் ஒரே ஸ்லைடுல முடிச்சுடுவேன். மேம்க்கு புடிக்குமான்னு தெரியல, ஆனா கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியும்.

அப்பா கிட்ட துண்டி கதைய சொன்னேன், "கரண்ட விக்கிறதுன்னா மொதல்ல காசு எப்ப குடுப்பாங்கன்னு கேளு" ன்னார்.

சிஸ்டர் ஒரு சந்தேகம், எங்க வீட்லயும் போர் தண்ணி தான் குடிக்கறோம், தங்கச்சி சின்னவ, ஆறு வயசு. ஃப்ளோரைடு இருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்றது? செமினார்ல எங்க வீட்டு தண்ணி ரிசல்ட்டயே காட்டலாம்னு தோணுது.

---

சிஸ்டர்_பென்னாகரம்

ரிசல்ட்ட செமினார்ல காட்டறது இருக்கட்டும், ஆறு வயசுன்னா மொதல்ல டெஸ்ட் எடு, பல்லு உருவாகுற வயசு தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல தண்ணி பரிசோதனை கூடம் இருக்கு, கட்டணம் கட்டினா பாத்து ரிப்போர்ட் குடுப்பாங்க. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கோ, கண்ணாடி பாட்டில் வேணாம், ஃப்ளோரைடு கண்ணாடியோட சேந்து அளவு மாறிடும். மோட்டார போட்டு கொஞ்ச நேரம் தண்ணிய ஓட விட்டுட்டு, அதே தண்ணில பாட்டில ரெண்டு மூணு தடவ அலசிட்டு நெறய புடி. தொட்டிலருந்து புடிக்காத, நேரா போர்லருந்து வர்றத புடி. பாட்டில் மேல ஊர் பேரு, போர் எத்தன அடி, என்னைக்கு புடிச்சதுன்னு எழுதி ஒட்டு. ஃப்ளோரைடு மட்டும் இல்லாம டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு மொத்தம்), கடினத்தன்மையும் சேத்து பாக்க சொல்லு, அப்பா காட்டுல சொட்டுநீர் போடவும் அது வேணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் பாப்பாக்கு குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணி வந்தா அதையே தனியா புடிச்சு வை.